இடுகாட்டின் புறம்: கைப்பொருள்களில் ஈமப் படிமம், தில்லியை முன்வைத்து

கைப்பேசிக்கு மின்னேற்றும் சிறு கருவி ஒன்றின் முதுகில் தொலைவிடத்து இடுகாடு ஒன்றின் ஒளிப்படம் அச்சிடப்பட்டிருக்கிறது. சாய்ந்த கற்கள், அவற்றின்மேற் படர்ந்த பாசி, பின்னே மலையோ கடலோ, மேலே கனத்த மேகம். மனிதர் எவரும் இல்லை. கற்களில் எழுத்து இருக்கக்கூடும்; ஆயினும் உள்ளங்கை அளவுக்குச் சுருக்கப்பட்ட படத்தில் அவ்வெழுத்துப் படிக்கத்தக்கதாக இல்லை. மக்கள் வழக்கில் 'பவர் பேங்க்' எனப்படும் இக்கருவி சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருந்து, இரயிலிலும் விமானத்திலும் பயணம் செய்யும் பொருள். இடுகாடோ பெயராதது, பெயரக்கூடாதது என்றே மக்களால் கருதப்படுவது. இவ்விரண்டும் ஒரே பரப்பில் ஒட்டவைக்கப்படும்போது நிகழ்வது யாது என்பதைத் தமிழ் இலக்கிய மரபின் துணைகொண்டு ஆராய்வதற்கு இடமுண்டு. அத்தகைய ஆய்வுக்குத் தில்லி மாநகரம் பொருத்தமான களம். கல்லறையின் உருவைக் கைப்பொருளில் தீட்டி விற்ற தொழில் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலேயே அந்நகரில் செழித்திருந்தது.

முதலில் பொருளின் பிறப்பை அறிதல் வேண்டும். இன்று ஒளிப்படக் கலைஞர் ஒருவர் தம் படத்தை இணையக் கடையொன்றில் வைத்தால், அதே படம் சுவரில் மாட்டும் சட்டமாகவும், தேநீர்க் குவளையாகவும், தலையணை உறையாகவும், குளியலறைத் திரையாகவும், மின்னேற்றியாகவும் வாங்குவோர் கேட்டபின் அச்சாகிறது. புறஊதா ஒளியில் உடனே உலரும் மையும், வெப்பத்தால் படத்தை மாற்றிப் பதிக்கும் முறையும் இதனை மிக எளிதாக்கிவிட்டன. ஆகவே இடுகாட்டுப் படம் மின்னேற்றியைத் தேர்ந்துகொள்ளவில்லை. மின்னேற்றியும் இடுகாட்டைத் தேர்ந்துகொள்ளவில்லை. படமெடுத்தவர் எந்தப் பொருளின்மேல் தம் படம் ஏறும் என்பதை எண்ணியிருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆசிரியன் நோக்கத்தை நாடிப் பொருள்காணும் திறனாய்வு முறைக்கு இது ஓர் இடர்ப்பாடு. இருப்பினும் வாங்குபவர் ஒருவர் பல்லாயிரம் படங்களுள் இதனைத் தேர்ந்தெடுக்கிறார். அத்தேர்வு தற்செயலானது அன்று. நோக்கம் ஆக்கியோனிடமிருந்து கொள்வோனிடம் இடம் பெயர்ந்திருக்கிறது எனலாம்.

இப்பொருளைக் கண்டதும் தோன்றும் முதற் கருத்து, உயிரூட்டும் கருவியின்மேல் சாவின் படம் என்னும் முரண். பேச்சுவழக்கும் இதற்கு ஒத்துழைக்கிறது. பேட்டரி செத்துவிட்டது என்பதும், போனில் உயிரில்லை என்பதும், கொஞ்சம் உயிர் ஏற்ற வேண்டும் என்பதும் அன்றாடத் தமிழ். இம்முரண் மிக எளிதில் கிடைப்பது. அதனாலேயே ஆய்வுக்குப் பயன்படாதது. பூப்படம் அச்சிட்ட மின்னேற்றியும் பேட்டரிக்கு அதே உயிரைத்தான் ஊட்டுகிறது. எனவே 'சாவு' என்பதைவிடத் 'தொலைவு' என்பதிலேயே கருத்தைச் செலுத்துவது தக்கது. பெரும்பாலான இத்தகைய படங்களில் விற்பனைக்குரிய பண்பாக முன்னிறுத்தப்படுவது தொலைவே. மனித நடமாட்டமற்ற, சென்றடைய அரிதான, காற்று வீசும் வெளி.

தமிழில் 'தொலை' என்னும் சொல் நெடுமையையும் அழிதலையும் ஒருசேரச் சுட்டுவது. தொலைவில் உள்ளது, தொலைந்துபோனது, தோற்றுத் தொலைந்தது என்னும் வழக்குகள் ஒரே அடியினின்று கிளைத்தவை. 'தொலைபேசி' என்னும் கலைச்சொல்லை ஆக்கியவர்கள் முதற்பொருளை மட்டுமே கருதினர். தொலைபேசிக்கு ஊட்டமளிக்கும் கருவியின்மேல் தொலைந்தோர் துயிலும் தொலைவிடம் அமையும்போது இரண்டாம் பொருளும் தானே வந்து சேர்கிறது. சொல்லாராய்ச்சியின் சிறு இன்பம் இது. இதன்மேல் வாதம் எதனையும் கட்ட இயலாது.

இடுகாட்டைப் பார்வைப் பொருளாக்கிய தமிழ்ப் பாடல்களுள் தலையாயது புறநானூற்றின் 356ஆம் பாடல். தாயங்கண்ணனார் பாடியது. கள்ளி படர்ந்த களர்நிலம், பகலிலும் கூவும் கூகை, ஈமத் தீயின் ஒளியில் தோன்றும் பேய்மகளிர் எனக் காட்சி விரிகிறது. இவை அச்சந்தரும் வழக்கமான கருப்பொருள்களே. ஆயின் அடுத்து வரும் செய்தி அத்தகையதன்று. அன்புடையோர் நெஞ்சுருகி அழுத கண்ணீர் எலும்பு கிடந்த சுடலையின் சாம்பலை அவிப்பதாகப் புலவர் கூறுகிறார். மனிதர் அங்கு வருகின்றனர், அழுகின்றனர், அவ்வழுகை நிலத்தின் தன்மையையே மாற்றுகிறது. அதன்பின்னரே பாடலின் புகழ்பெற்ற முடிவு வருகிறது. அக்காடு எல்லாருடைய முதுகையும் கண்டது. அதன் முதுகைக் கண்டவர் ஒருவரும் இல்லை. புறங்காணுதல் என்பது போரில் தோற்று ஓடுவோரின் முதுகைக் காணுதல். உலகத்தார் அனைவரையும் வென்ற ஒரே வீரனாகச் சுடுகாடு இங்கு நிற்கிறது.

மின்னேற்றியின் படம் அச்சாவதும் 'புறம்' எனப்படும் முதுகிலேயே. இவ்வொப்புமை தற்செயலானதே ஆயினும் ஒரு வேறுபாட்டைத் தெளிவுறுத்துகிறது. புறநானூற்றுக் காடு பார்ப்பவனைத் திருப்பிப் பார்க்கிறது. ஒளிப்பட இடுகாடு பார்க்கப்படுகிறது, அவ்வளவே. அதனைக் கையில் வைத்திருப்பவர் அதனால் காணப்படுவதில்லை. தொல்காப்பியம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகக் 'காடு வாழ்த்து' என்பதனை வகுத்திருக்கிறது. சுடுகாட்டை வாழ்த்துவதற்கு ஒரு துறை வேண்டும் என்று கருதிய மரபு அது. அவ்வாழ்த்து நிலையாமையை உணர்ந்தவன் தன்னையும் அக்காட்டுக்குரியவனாக எண்ணிக் கூறுவது. தொலைவிட இடுகாட்டின் படத்தை விரும்புவோர் தாம் ஒருநாள் அவ்விடத்தில் கிடத்தப்படுவோம் என்று எண்ணுவதற்கு இடமில்லை. அது பிறருடைய இடுகாடு. இன்னும் செப்பமாகக் கூறின், யாருடையதுமல்லாத இடுகாடு.

கல்லில் எழுத்திருந்தும் படிக்க இயலாமை என்பதற்கும் பழம்பாடலில் சான்றுண்டு. அகநானூற்றின் 297ஆம் பாடல் பாலைவழியில் நிற்கும் நடுகல் ஒன்றைக் காட்டுகிறது. அம்பு தீட்டித் தீட்டி அக்கல்லின் பக்கங்கள் தேய்ந்திருக்கின்றன. பெயர் பொறித்த எழுத்துகள் ஒன்றோடொன்று இயையாமல் சிதைந்துள்ளன. களைப்புற்ற வழிப்போக்கர் அவற்றைக் கூட்டிப் படிக்க மாட்டாதவராய் விட்டுச் செல்கின்றனர். அகத்திணைப் பாடலுக்கு இது வெறும் வழிவருணனையே எனினும், இங்கு ஒரு பண்பாட்டு நிகழ்வு பதிவாகியிருக்கிறது. நினைவுக்கல் தீட்டுக்கல்லாகப் பயன்பட்டது. வழியில் செல்வோருக்கு அம்பு தேவை. கல் அங்கு இருந்தது. வீரன் பெயர் தேய்ந்தது. எவரும் அவ்வீரனை இழிவுபடுத்தக் கருதவில்லை. இறந்தோரின் அடையாளம் பயன்பாட்டுப் பொருளோடு உராயும்போது முதலில் அழிவது பெயர் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் கூறிய இலக்கியப் பகுதி அரிது. படிக்க முயன்று தோற்ற வழிப்போக்கரையும் பாடல் மறவாமல் குறிப்பிடுகிறது என்பது நோக்கத்தக்கது. மின்னேற்றியின் படத்தில் அம்முயற்சிக்கும் வாய்ப்பில்லை.

தொலைவு என்பதைச் சிலப்பதிகாரம் கையாளும் முறை இதற்கு நேர் எதிரானது. கண்ணகிக்குக் கல் வேண்டும். பொதியிலில் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம் என்ற வழியும் அவையில் பேசப்படுகிறது. செங்குட்டுவன் இமயத்தையே தேர்கிறான். கல் கங்கையில் நீர்ப்படுத்தப்பட்டு, கனகவிசயர் தலையில் ஏற்றப்பட்டு வஞ்சிக்கு வருகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து எனக் காதைகளின் பெயர்களே தொல்காப்பியம் கூறும் நடுகற் சடங்கின் படிநிலைகள். இங்கும் ஈமப்பொருள் ஒன்று நெடுந்தொலைவு பயணம் செய்கிறது. ஆயின் அது ஒருத்தியின் பெயரை நோக்கிப் பயணம் செய்கிறது. அதன் எடை கதையில் உணரப்படுகிறது. இரு அரசர்களின் கழுத்து அதனைச் சுமக்கிறது. அச்சுமையில் வன்முறையும் கலந்திருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. புகார் நகரத்தார் சுடுகாட்டுக் கோட்டம் என வழங்கும் இடத்தை மணிமேகலா தெய்வம் சக்கரவாளக் கோட்டம் என்கிறது. அதன் காரணத்தைச் சுதமதி வினவ, விடையாகவே காதை அமைகிறது. சுடுவோர், வாளா இட்டுச் செல்வோர், குழியிற் புதைப்போர், தாழியிற் கவிப்போர் என அடக்க முறைகள் பலவற்றையும் சாத்தனார் வேறுபாடின்றி அடுக்குகிறார். இறந்தோரின் நிலைக்கேற்ப உயர்ந்தும் தாழ்ந்தும் எழுப்பப்பட்ட சுடுமண் கோட்டங்களும் அங்குள்ளன. அவ்விடத்துக்குத் தனியே சென்ற சார்ங்கலன் என்னும் சிறுவன் பேய்மகளின் ஆட்டத்தைக் கண்டு அஞ்சி, தாயிடம் ஓடிவந்து உயிர்விடுகிறான். தாய் கோதமை மகனுயிரை வேண்டிச் சம்பாபதியிடம் முறையிட, சக்கரவாளத்துத் தேவர் அனைவரும் வந்து நின்று தம்மால் இயலாது என்கின்றனர். அந்நிகழ்ச்சியின் நினைவாக மயன் அண்டத்தின் உருவை அங்குச் சமைத்தான் என்பது கதை. இடுகாட்டினுள் உலகத்தின் படிமம் வைக்கப்பட்டது. ஒரு தாயின் இழப்புக்கு ஈடுசெய்ய இயலாத உலகம் தன் உருவையாவது அங்கு வைத்துச் சென்றது எனக் கொள்ளலாம். உலகத்துப் பொருளின்மேல் இடுகாட்டின் படிமத்தை வைக்கும் இன்றைய வழக்கம் இதன் தலைகீழ். அதற்குப் பின்னால் கோதமை இல்லை.

இனித் தில்லி. யானைத் தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி அதன்மேல் நீர்வண்ணத்தில் நுண்ணோவியம் தீட்டும் முறை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் பரவியது. அந்நூற்றாண்டின் இறுதியில் அது ஐரோப்பிய ஓவியர்கள் வழியே இந்தியாவுக்கும் வந்தது. ஜான் ஸ்மார்ட் என்னும் ஆங்கில ஓவியர் 1785 முதல் 1795 வரை சென்னையில் தங்கி, ஆற்காட்டு நவாபு முகமது அலியின் குடும்பத்தாரையும் கும்பினி அலுவலரையும் இம்முறையில் தீட்டினார். தமிழகத்தில் முகங்களுக்குப் பயன்பட்ட இக்கலை தில்லியில் கட்டடங்களை நோக்கித் திரும்பியது. முகலாய அரசவையின் ஆதரவு குன்றியபோது தில்லி ஓவியர் குடும்பங்கள் ஐரோப்பியப் பயணிகளை நம்பித் தொழில் நடத்தின. முட்டை வடிவான சிறு தந்தத் தகடுகளில் தாஜ்மகால், உமாயூன் கல்லறை, சப்தர்ஜங் கல்லறை, குதுப் மினார், ஜும்மா மசூதி ஆகியன தீட்டப்பட்டன. அவை மார்பணியாகவும் வளையல்களின் கண்ணியாகவும் பேழைகளின் மூடியாகவும் பதிக்கப்பட்டுக் கடல்கடந்து சென்றன. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவ்வகைப் பொருள்கள் இன்றும் உள்ளன. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இவ்வோவியர்கள் ஒளிப்படத்தைப் பார்த்தே தந்தத்தில் தீட்டலாயினர். ஆகவே கைப்பொருளின்மேல் ஒளிப்படக் கல்லறை என்னும் வடிவம் மின்னேற்றியோடு தோன்றியதன்று.

இவ்வோவியங்களின் அமைப்பைக் கூர்ந்து நோக்கின் சில பொதுமைகள் புலப்படும். கட்டடம் நடுவில், முழுமையாக, வெளியிலிருந்து காட்டப்படும். மனிதர் இல்லை, இருப்பின் அளவுகாட்டும் புள்ளியாக ஓரிருவர். வானம் தெளிந்தது. உள்ளே கிடக்கும் கல்லறைகள் காட்டப்படா. பெயர் எழுதப்படுமாயின் அது கட்டடத்தின் பெயரே. தாஜ்மகாலைக் கழுத்தில் அணிந்த பெண்மணி ஒரு பெண்ணின் சமாதியைத் தாம் அணிந்திருப்பதாக உணர்ந்தாரா என்பது கேட்கத்தக்க கேள்வி. தாஜ்மகால் அறிமுகம் உடையோர் அனைவருக்கும் அது கல்லறை என்பது தெரியும். தெரிந்தும் அத்தெரிவு அணியின் பயன்பாட்டில் தடையாக எழவில்லை. கல்லறையைக் கட்டடக்கலையாக மாற்றுவதே இவ்வடிவத்தின் வேலை. மின்னேற்றியில் அவ்வேலையைச் செய்வது நிலக்காட்சி. கட்டடமோ நிலமோ, இரண்டும் இறந்தவரை முன்னிலையிலிருந்து அகற்றிப் பின்னணிக்குள் அனுப்புகின்றன.

இதன் விளைவு தில்லியில் கண்கூடு. உமாயூன் 1556இல் இறந்தார். அவர் கல்லறை வளாகத்தில் முகலாயக் குடும்பத்தைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். 1993இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் அவ்வளாகம் இடம்பெற்றது. தந்தத்திலும் அஞ்சலட்டையிலும் பின்னர் எண்ணற்ற கைப்பேசிகளிலும் படம்பிடிக்கப்பட்ட இடம் அது. ஆயினும் அங்குள்ள கல்லறைகளுள் பெரும்பாலானவற்றில் பெயரில்லை. 1659இல் கொல்லப்பட்ட தாரா சுகோ அங்குப் புதைக்கப்பட்டார் என்பது அறியப்பட்ட செய்தி. எந்தக் கல் அவருடையது என்பது உறுதியாகத் தெரியவில்லை. உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த அவ்விளவரசரின் கல்லறையை அடையாளங்காண 2020இல் நடுவணரசின் பண்பாட்டு அமைச்சகம் தொல்லியலாளர் குழு ஒன்றை அமைத்தது. நாட்டிலேயே மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட கல்லறைகளுள் ஒன்றில் ஒருவரைத் தேடுவதற்குக் குழு தேவைப்பட்டது. படத்தின் பெருக்கம் பெயரைக் காக்கும் என்னும் நம்பிக்கைக்கு இது தக்க மறுப்பு.

கல்லறையைப் பயன்பாட்டுக்குக் கொணர்வதில் படத்தோடு நில்லாதவர்களும் தில்லியில் இருந்தனர். கும்பினியின் பேராளராக இருந்த தாமஸ் மெட்காஃப் மெக்ராலியில் முகமது குலிகானின் கல்லறைக் கட்டடத்தைத் தம் கோடை இல்லமாக மாற்றித் 'தில்குசா' எனப் பெயரிட்டார். 1844இல் தம் மகளுக்கென அவர் தொகுத்த தில்லி நூலில் மசர் அலிகான் உள்ளிட்ட உள்ளூர் ஓவியர்களின் கைவண்ணத்தில் நகரின் கல்லறைகள் பல இடம்பெற்றன. கல்லறையில் குடியிருந்துகொண்டு கல்லறைகளின் ஓவியத்தைத் தொகுத்த அவரது மனநிலை தனியே ஆராயத்தக்கது. தந்தத் தொழிலின் வரலாறு விரைவில் முடிந்துவிடுவது. 1903 தர்பாரையொட்டிக் குத்சியா பாக் தோட்டத்தில் நடந்த கலைப்பொருட்காட்சியில் தந்த வேலைப்பாடுகள் இடம்பெற்றன. 1986, 1991ஆம் ஆண்டுகளின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திருத்தங்கள் தந்த வணிகத்தை முற்றாகத் தடைசெய்தன. ஓவியர்கள் ஒட்டக எலும்புக்கு மாறினர். கல்லறை ஓவியத்துக்கு எலும்பே பரப்பாக அமைந்தது எவரும் திட்டமிட்ட ஒன்றன்று.

தந்தத் தகடுகளில் மிகுதியாகத் தீட்டப்பட்ட முகங்களுள் ஒன்று பகதூர்ஷா சபருடையது. 1857 செப்டம்பரில் உமாயூன் கல்லறையில் பிடிபட்ட அவர் இரங்கூனுக்கு அனுப்பப்பட்டு 1862 நவம்பர் 7 அன்று இறந்தார். மெக்ராலியில் முன்னோர் அருகே தமக்கென அவர் ஒதுக்கியிருந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. இரங்கூனில் அவரது புதைகுழி மண்ணோடு மண்ணாகச் சமன்செய்யப்பட்டது. எவரும் அடையாளம் கண்டு வழிபடலாகாது என்பதே ஆட்சியாளரின் கருத்து. 1991இல் வடிகால் வேலைக்கு நிலம் தோண்டியபோதுதான் செங்கல் கட்டிய அக்குழி வெளிப்பட்டது. தில்லிக்கு உரிய தொலைவிடத்துக் கல்லறை உண்டென்றால் அது இதுவே. ஏறத்தாழ 130 ஆண்டுகள் அதற்குப் படமில்லை. ஆட்சியாளர் அஞ்சும் கல்லறைக்குப் படம் மறுக்கப்படுகிறது. எவரும் அஞ்சாத கல்லறை அணிகலனாகிறது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றைக் கருதியாக வேண்டும். தொலைவிட இடுகாட்டின் படத்தைக் கையில் சுமப்பது எப்போதும் அலங்காரமன்று. முதல் உலகப்போரின்போது, பிரான்சிலும் பிற போர்முனைகளிலும் புதைக்கப்பட்ட வீரர்களின் உடல்களைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவருவதைப் பிரித்தானிய அரசு தடைசெய்தது. ஃபேபியன் வேர் தலைமையில் கல்லறைகளைப் பதிவுசெய்த அமைப்பு, வேண்டிக் கேட்ட குடும்பங்களுக்கு உரிய கல்லறையின் ஒளிப்படத்தை அனுப்பியது. கல்லறைக்குச் செல்லும் வழி, அதன் இருப்பிடம் ஆகிய குறிப்புகளும் உடன் சென்றன. தில்லிக் கன்டோன்மென்டில் பிரார் சதுக்கத்தருகே 1951இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறைத் தோட்டம் அதே அமைப்பின் வழித்தோன்றலான பொதுநலநாட்டுப் போர்க் கல்லறை ஆணையத்தின் பொறுப்பில் இன்றும் உள்ளது. அங்கு ஒவ்வொரு கல்லும் ஒரே அளவினது; ஒவ்வொன்றிலும், பெயர் அறியப்பட்டவரையில், பெயர் உண்டு. அக்குடும்பங்களுக்குச் சென்ற படங்களில் கலைநயம் இல்லை. ஒரு மரச்சிலுவை, அதில் ஒரு பெயர், சுற்றிலும் சேறு. அதனைப் பணப்பையில் வைத்திருந்த தாய்க்கு அப்படம் நிலக்காட்சி ஆகாது.

தமிழரின் அண்மை வரலாற்றிலும் இத்தகைய படங்கள் உண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் விடுதலைப் புலிகள் அமைத்த துயிலும் இல்லங்கள் போரின் போக்கில் இடிக்கப்பட்டன. யாழ்ப்பாணம் கோப்பாயில் இருந்தது இடிக்கப்பட்டு, மீண்டும் கட்டப்பட்டு, 2009க்குப் பின் மறுபடியும் அகற்றப்பட்டது. 2011இல் அந்நிலத்தில் இராணுவத் தலைமையகம் ஒன்று திறக்கப்பட்டது. அவ்வமைப்பின் அரசியலையும் செயல்களையும் பற்றிய மதிப்பீடு எதுவாயினும், அங்குப் புதைக்கப்பட்டோருக்குப் பெற்றோர் இருந்தனர். கல் போனபின் அவர்களிடம் எஞ்சியது ஒளிப்படமே. கனடாவிலோ நோர்வேயிலோ வாழும் ஒருவரின் கைப்பேசியில் அப்படம் இருக்குமாயின், அதனை மின்னேற்றியின் முதுகில் உள்ள படத்தோடு ஒருதட்டில் வைத்தல் பொருந்தாது. தொலைவு இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் தொலைவு துயரம். மற்றொன்றில் தொலைவு அழகு. வேறுபாட்டை உண்டாக்குவது, படத்திலுள்ள கற்களுள் ஒன்றைச் சுட்டி 'இது இன்னாருடையது' என்று கூறவல்லவர் இருக்கிறாரா என்பதே.

தொலைவே அழகுக்கு அடிப்படை என்பதற்குத் தில்லியே அண்மைச் சான்று தருகிறது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையின்போது நகரின் சுடுகாடுகளில் இடமின்றி, வாகனம் நிறுத்தும் திடல்களிலும் ஈமத்தீ மூட்டப்பட்டது. ராய்ட்டர்ஸ் ஒளிப்படக் கலைஞர் டேனிஷ் சித்திகி வானிலிருந்து எடுத்த எரிகாட்டுப் படங்கள் உலகெங்கும் வெளியாயின. தாயங்கண்ணனார் பாடிய ஈமத்தின் ஒளி அவற்றில் மிகுதியாகவே இருந்தது. சித்திகி அதே ஆண்டு ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டு, தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழகத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவரும் உடன்பணியாற்றியோரும் எடுத்த படங்களுக்கு 2022இல் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. வண்ணமும் ஒழுங்கும் ஒளியும் என ஓவியத்துக்குரிய கூறுகள் யாவும் அப்படங்களில் உள்ளன. தில்லிவாசி எவரும் அதனை மின்னேற்றியில் அச்சிட்டு எடுத்துச் செல்ல முற்படுவார் எனக் கருத இயலவில்லை. உயிர்க்காற்று உருளைக்காகவும் படுக்கைக்காகவும் அதே கைப்பேசியில் இரவெல்லாம் பேசியவர்கள் அந்நகரத்தவர். அப்படத்தைக் காணும்போது ஏதேனும் ஒரு தீ தமக்குரியதாக இருக்கும். அங்குக் காடு அவர்களைத் திருப்பிப் பார்க்கிறது.

இடுகாட்டுப் படத்தை விரும்புவோரைப் பழிப்பது இவ்வாய்வின் கருத்தன்று. இரைச்சல் மிகுந்த நகரில், ஓயாமல் ஒலிக்கும் கருவிக்கு உணவூட்டும் பொருளின்மேல், ஒலியே இல்லாத ஓரிடத்தைக் காண ஒருவர் விழைவது இயல்பு. காரைக்காலம்மையார் ஆலங்காட்டுச் சுடலையைப் பாடியபோது அதனை அழகியதாகவே கண்டார். சயங்கொண்டார் பேய்கள் உறையும் காட்டைப் பாடியதில் விளையாட்டும் உண்டு. ஆகவே சுடலையில் அழகு காண்பது தமிழுக்குப் புதிதன்று. வேறுபாடு பெயர் பற்றியது. விற்பனைப் பட்டியலில் படமெடுத்தவர் பெயர் உண்டு; கருவியின் மின்கொள்ளளவு உண்டு; இடுகாடு அமைந்த நாட்டின் பெயரும் சிலவேளைகளில் உண்டு. கற்களில் உள்ள பெயர்களுள் ஒன்றேனும் அங்குக் குறிக்கப்படுவதில்லை. விமானத்தில் இக்கருவியைச் சரக்கறைக்கு அனுப்பக்கூடாது, பயணி தம்முடனேயே வைத்திருத்தல் வேண்டும் என்பது விதி. லித்தியம் தீப்பற்றக்கூடும் என்பதே காரணம். எனவே அது எப்போதும் கைக்கருகில் இருக்கிறது. நாள்தோறும் உள்ளங்கை உராய்வதால் விளிம்பிலிருந்து மை கரையத் தொடங்குகிறது. அம்பு தீட்டிய நடுகல்லைப் போலவே, தேய்வு பக்கங்களிலிருந்து நடுவை நோக்கி நகர்கிறது. முதலில் மேகம், பின்னர் மலை, அதன்பின் ஓரத்துக் கற்கள்.